அடுப்பு இல்லாத அறை

'மியூனிக்கும் பக்கத்து ஏரிகளும்' என்று தலைப்புப் போட்டு, போன வாரம் நீங்கள் எனக்கு அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். இலையுதிர்காலத் தொடக்கத்தில் புறப்படுகிறார்கள். காலையில் ஒரு ஏரி, அதை முடித்ததும் இன்னொரு ஏரி, மத்தியானம் ஒரு கோட்டை, சாயங்காலம் மூன்றாவது ஏரி. படித்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், இந்த மனிதர்கள் ஒன்றுக்கு எப்போது போவார்கள் என்பதுதான். இரண்டாவது சந்தேகம், இதைக் கேட்டது வாடிக்கையாளரா அல்லது நீங்களாகவே செய்ததா என்பது. நீங்களாகவே செய்ததுதான் என்று தெரியும். யாரும் இப்படிக் கேட்பதில்லை. நாம் செய்து கொடுத்த பிறகு, அதைத்தான் கேட்டோம் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த பயண அலுவலகத்தில் நான் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இப்போது அங்கே வேலை பார்க்கிற உங்களுக்காக அனுபவங்களை எழுதித் தரச் சொன்னபோது, பெரிய நெருக்கடிகளாகப் பார்த்து எழுதுங்கள் மேடம் என்றீர்கள். விமானம் ரத்தானது, பாஸ்போர்ட் தொலைந்தது, பேருந்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது, இந்த மாதிரி. அதெல்லாம் எனக்கு நெருக்கடியாகவே தோன்றியதில்லை. பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். போனை எடுத்து நாலு பேரைக் கூப்பிட்டால் முடிந்துவிடும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும், அதைச் செய்தால் முதலாளி முகம் கோணும், நல்ல வாடிக்கையாளர் போய்விடுவார் என்று கை தயங்குகிறதே, அதுதான் நெருக்கடி. அப்படி ஒன்றைச் சொல்கிறேன். அதுவும் இதே மியூனிக், இதே ஏரிகள், இதே பருவம்.

அதற்கு முன்னால் நம் ஆட்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊரில் யாரும் ஓர் ஊரைப் பார்ப்பதில்லை, கவர் பண்ணுகிறார்கள். "சுவிட்சர்லாந்து கவர் பண்ணிட்டோம், அடுத்த வருஷம் ஆஸ்திரியா கவர் பண்ணணும்" என்பார்கள். ஏரிக்கரையில் இறங்கியதும் முதலில் கொடைக்கானலோடு ஒப்பிடுவார்கள். கொடைக்கானல்தான் ஜெயிக்கும். பிறகு தயிர் கிடைக்குமா என்று விசாரிப்பார்கள். தங்குவதற்கு எந்த ஊரில் அறை போட்டாலும் முதல் கேள்வி, ரூமில் சமையலறை உண்டா என்பதுதான். கேட்பவர் எப்போதும் கணவர். அந்தச் சமையலறையில் நிற்கப்போகிறவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பொடி வகைகளுக்கும் குட்டிக் குக்கருக்கும் சேர்த்துத்தான் நாங்கள் பெட்டியின் எடையையே கணக்குப் போடுவோம்.

அதனால்தான், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், கோமளா மாமி என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "சமையலறை இருக்கற ரூம் வேண்டாம்" என்றபோது சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். அடுப்பு, குக்கர், காபி கலக்கிற கெட்டில் எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது என்றார். அப்போ சாப்பாடு என்று கேட்டதற்கு, "பிரெட், சீஸ், ஆப்பிள். ஒரு வாரம் தின்னா செத்துட மாட்டேன்" என்றார்.

மாமிக்கு மயிலாப்பூர், வடக்கு மாட வீதிக்குப் பக்கத்தில் வீடு. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது. சார் என்றே நாங்கள் சொல்கிற அவர் கணவரை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்ஷூரன்ஸில் பெரிய அதிகாரியாக இருந்தவர். லஸ் பக்கத்துப் பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் மாதிரி. வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தைத் திரட்டி எங்கள் மூலமாகக் காசிக்கு அழைத்துப் போவார். அவர் வந்தால் முதலாளி எழுந்து நிற்பார். மாமியும் அந்தக் காசிப் பயணங்களில் போயிருக்கிறார். ரயிலில் எல்லோருக்கும் புளியோதரை பரிமாறியது அவர்தான்.

மாமிக்கு மியூனிக் புதிதில்லை. சில வருஷங்களுக்கு முன் மகன் அங்கே வேலையில் இருந்தபோது மருமகளின் பிரசவத்துக்காகப் போய், ஒரு குளிர்காலம் முழுக்க இருந்திருக்கிறார். நம் ஊரில் அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண் தனியாக வெளிநாட்டு விமானத்தில் ஏறுகிறாள் என்றால் பிரசவம் பார்க்கத்தான். அதற்கு ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். பத்தியச் சாமான் பெட்டியோடு பறக்கிற இந்தப் பெண்களை வைத்தே ஒரு தனி விமானம் விடலாம். திரும்பி வந்ததும் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பு மின்சாரத்தில் எரிகிறது, தண்ணீர் குழாயிலேயே சூடாக வருகிறது என்பார்கள். அவ்வளவுதான் பார்த்திருப்பார்கள்.

கோமளா மாமியை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் டெகர்ன் ஏரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் குழந்தை அழ, குளிரில் வெளியே எடுக்க வேண்டாம் என்று மாமி அதை மடியில் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"கார்லேர்ந்து ஏரி தெரிஞ்சுதா மாமி?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருக்கும். கண்ணாடில மூச்சு படிஞ்சிருந்தது. துடைக்கக் கை ஒழியலை" என்றார்.

மாமி அதைப் புகாராகச் சொல்லவில்லை, சும்மா கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னார். மருமகள் அப்போது அடிக்கடி சொல்வாளாம், அக்டோபரில் வந்திருக்கணும் அம்மா, மரமெல்லாம் மஞ்சளாக இருக்கும் என்று. இப்போது மகன் குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டான். மியூனிக்கில் மாமிக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் அங்கே போக வேண்டும் என்றார். தனியாக.

சாரையும் அழைத்துப் போகலாமே என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன்: வந்தவர் தனி ஆளாக டிக்கெட் கேட்டால் தனி ஆளாகப் போடுங்கள்.

தேதியைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். மகாளய பட்சத்தில் மாமி நகர முடியாது. சார் தர்ப்பணம் செய்வார், வீட்டில் மடிச் சமையல். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை மியூனிக்கில் பீர் திருவிழா வேறு. உலகமே அங்கே போய்க் குடிக்கும், அறை வாடகை ஏறிவிடும், ரயிலில் பாட்டும் வாந்தியுமாக இருக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் விட்டால் ஏரிப் படகுகளைக் குறைத்துவிடுவார்கள், குளிரும் வந்துவிடும். எல்லாவற்றையும் கழித்தால் அந்த வருஷம் மிஞ்சியது ஒரு வாரம். அது நவராத்திரி. நான் நாட்காட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மயிலாப்பூர் மாமியிடம் நவராத்திரியில் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? மாமியே கொஞ்ச நேரம் அந்த வாரத்தைப் பார்த்துவிட்டு, "இதையே போட்டுடுங்கோ" என்றார்.

வீட்டில் சொல்லாமல் இல்லை. போகணும்னு இருக்கு என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் சார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். நம் வீட்டு ஆண்களின் 'பார்க்கலாம்' ஒரு பெரிய வசதி. மாட்டேன் என்று சொன்ன பாவம் இல்லை, சரி என்று சொன்ன சிரமமும் இல்லை. கேட்டவள் தானாகவே மறந்துவிடுவாள். மாமி மறக்கவில்லை. விசா கைக்கு வந்ததும் வீட்டில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன்.

இனிமேல்தான் நம் அலுவலகத்தின் லட்சணம். விசா விண்ணப்பத்துக்கு ஒரு காலை வேளையில் அப்பாயின்ட்மென்ட். அந்தப் பருவத்தில் அது கிடைப்பதே பெரும்பாடு. விட்டால் அடுத்தது எப்போது என்று ஆண்டவனுக்கும் தெரியாது, நவராத்திரி கண்டிப்பாகப் போய்விடும். அதற்கு முதல் நாள் காலை மாமியின் கோப்பைச் சரிபார்த்த கவுன்ட்டர் பெண், வேளச்சேரியிலிருந்து மழையிலும் வெயிலிலும் தவறாமல் வருகிற கெட்டிக்காரி, அதில் கணவரின் சம்மதக் கடிதம் இல்லை என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு நிற்காமல் போனும் பண்ணினாள். எங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் குடும்பம் சாரின் பெயரில்தான் இருந்தது. நம்பரும் அவருடையது. "சார், மேடமோட ஜெர்மனி விசாவுக்கு உங்க லெட்டர் வேணும்" என்றாளாம். சார் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டாராம். அப்புறம் நேரிலேயே வருகிறேன் என்றாராம்.

பூங்காவிலிருந்து அப்படியே கான்வாஸ் ஷூவோடு வந்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். இல்லை, சிரித்த முகம். கோபப்படுகிற ஆளை நான் சமாளித்துவிடுவேன். சிரிக்கிற ஆள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு வந்திருப்பார். முதலாளியின் அறையில் உட்கார்ந்து, ஆத்துக்காரி ஏதோ ஆசையில் கிளம்பிவிட்டாள், நவராத்திரியில் எப்படி முடியும், மே மாசத்துக்கு மாற்றிவிடுங்கள், நானும் வருகிறேன், பூங்காவிலிருந்தும் ஒரு கூட்டம் சேர்க்கிறேன், மூன்று நாடாகக் கவர் பண்ணிவிடலாம் என்றார். சமையலறை உள்ள அறையாகப் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷர், ஆனால் கூட்டம் என்ற சொல் காதில் விழுந்தால் வேறு எதுவும் விழாது. உடனே என்னைக் கூப்பிட்டு, நாளைய அப்பாயின்ட்மென்டை விட்டுவிடச் சொன்னார்.

நான் வெளியே வந்து அந்தப் பெண்ணிடம், கணவரின் கடிதம் வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"எப்பவும் வாங்குவோமே மேடம்" என்றாள்.

தூதரகம் கேட்டதா? தெரியாது. உனக்கு யார் சொன்னது? முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். அவருக்கு? அவருக்கு முன்னால் இருந்தவர். கல்யாணமான பெண் தனியாகப் போனால் கணவரின் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் காலங்காலமாக ஒரு வழக்கம். யார் தொடங்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கிற பெண்ணுக்குச் செலவைக் கணவர் ஏற்கிறார் என்றால் அதற்கு ஒரு கடிதம் வேண்டும், நியாயம். சொந்தப் பென்ஷனில் போகிறவளுக்கு அவளுடைய பென்ஷனுக்கான சான்று போதும். கணவர் சம்மதித்தாரா என்று எந்த ஜெர்மன்காரனும் கேட்கவில்லை. ஜெர்மன்காரனுக்கு இல்லாத கவலை பாத்திரக் கடை மாடியில் உட்கார்ந்திருந்த நமக்கு. ஆண் தனியாகப் போனால் மனைவியின் கடிதம் வாங்குவோமா என்று அவளைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உள்ளே முதலாளியும் சாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி சொன்னபடி விட்டுவிடலாம். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள், மாமிகூடச் சொல்ல மாட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவருக்கு ஆறுதல் சொன்னால் போதும். அந்தச் சொல்லை நினைத்ததுமே எனக்கு எரிந்தது. மாமியின் செல்லுக்குப் போன் பண்ணி, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சார் இங்கே இருக்கிறார், மே மாசத்துக்கு மாற்றச் சொல்கிறார். முதலாளியும் அதையேதான் சொல்கிறார். கடிதம் தேவையே இல்லை, எங்கள் தப்பு. அப்பாயின்ட்மென்ட் உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்கள் விடச் சொன்னால்தான் விடுவேன். இவ்வளவுதான் சொன்னேன். போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள். ஆலோசனை சொல்வதற்கு அந்த வீட்டைச் சுற்றி ஊரே இருக்கிறது. நம்முடைய வேலை தகவல் சொல்வது.

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஆட்டோ பிடிச்சுண்டு வரேன்" என்றார்.

வந்தார். வீட்டுப் புடவை, கையில் ஒரு துணிப்பை. நேராக என் மேஜைக்கு வந்து, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். சார் உள்ளேயிருந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. முதலாளி பின்னால் வந்து நின்றார். ஊழியர்கள் எல்லோரும் திரையைப் பார்க்கிற மாதிரி நடித்தார்கள்.

"கோமளா, மே மாசம் நானே கூட்டிண்டு போறேன். நன்னா மூணு தேசமா பார்க்கலாம்" என்றார்.

மாமி தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நம்மாத்துல கொலு நின்னதே கெடையாது. அம்மா காலத்துலேர்ந்து. கொலு என்னாறது?"

மாமி பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு சாரைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னார்: "பொம்மையெல்லாம் பரண்ல இருக்கு. ஏணி பால்கனில இருக்கு."

சாருக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. தலைமுறை தலைமுறையாக நிற்காத கொலு, ஆனால் அந்தப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போல. படி கட்டுவது, பொம்மைக்குத் தூசி துடைப்பது, ஒன்பது நாளும் சுண்டல் கிளறுவது, வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பது, எல்லாம் முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றி வைப்பது, இதெல்லாம் அந்த வீட்டில் தானாக நடந்துகொண்டிருந்த காரியங்கள். சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன் என்று எழுதினால் பொய். எனக்குப் பரம சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் விண்ணப்பம் போனது, விசா வந்தது, மாமி கிளம்பினார். இதற்கு விலை இல்லாமல் இல்லை. சார் தன் காசிக் கூட்டத்தை அண்ணா சாலையில் வேறு ஓர் அலுவலகத்துக்குக் கொண்டு போய்விட்டார். திரும்பவே இல்லை. "என்னம்மா, இப்படிப் பண்ணிட்டீய" என்று முதலாளி என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு பெரிய கூட்டங்களை எனக்குத் தருவதை நிறுத்திவிட்டார். நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. கூட்டம் போனது போனதுதான். ஆனாலும் அன்றைக்கு வீடு திரும்பி நிம்மதியாகத் தூங்கினேன். மறுபடி அந்த நாள் வந்தாலும் அதே போனைத்தான் பண்ணுவேன்.

மாமிக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதைக் கேலி செய்தவள் என்னுடையதையும் காட்ட வேண்டும் அல்லவா? பெரிய திறமையோடுதான் போட்டிருந்தேன். ஒரு நாள் டெகர்ன் ஏரி, ஒரு நாள் ஸ்டார்ன்பெர்க் ஏரி, ஒரு நாள் கீம் ஏரி. நடுவில் ஓய்வு. எந்த ரயில், எந்தப் படகு, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும் என்பது வரை சொல்லியிருந்தேன். தனியாகப் போகிற வயதான பெண் திண்டாடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. இதைவிட நன்றாக யாரும் போட முடியாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

மாமி போன நாலைந்து நாளில், மத்தியான வேளையில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. மாமியின் குரல். ஏதாவது ஆகியிருந்தால் சார் என்னைச் சும்மா விடுவாரா, முதலாளிதான் விடுவாரா? விழுந்துவிட்டீர்களா, பை தொலைந்துவிட்டதா, உடம்பு சரியில்லையா என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

ஒன்றும் இல்லை என்றார். டெகர்ன் ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம். முதல் நாளும் அங்கேதான். அடுத்த நாளும் அங்கேதான். தினமும் அதே ரயிலில் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து, இருட்டுகிற நேரத்தில் எழுந்து போகிறாராம். மரமெல்லாம் மருமகள் சொன்ன மாதிரி மஞ்சளாகத்தான் இருக்கிறதாம். ஒருத்தரும் வந்து காபி கேட்கவில்லையாம். அதைக் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். நான் பழக்க தோஷத்தில், இன்றைக்கு ஸ்டார்ன்பெர்க் போட்டிருந்தேனே மாமி, படகு டிக்கெட்டும் எடுத்தாச்சே என்றேன்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்று தயங்கினார். "மத்த ரெண்டு ஏரிக்கும் போகாம இங்கயே இருந்துடட்டுமா? நீங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேளே?"

ஏணியைக் காட்டிவிட்டுப் போன அதே மாமி. அவ்வளவு தூரம் போயும் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. அந்த யாராவது இப்போது நானாகியிருந்தேன்.

"மாமி, இதை எதுக்கு என்கிட்ட கேக்கறீங்க?" என்றேன்.

மாமி சிரித்தார். "ஆமாம், எதுக்குக் கேக்கறேன்?" என்று தனக்குள் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டார்.